கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை

சுறாமீனின் வாயைக் கட்டுவதற்கென்று ஒரு சர்க்கார் உத்தியோகம் எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்தது. சிரிக்காதீர்கள். முறைப்படி ஊதியம், பரம்பரைப் பாத்தியதை எல்லாம் உண்டு. முத்துக்குளிப்பு சீசன் தொடங்கியதும் இவர் மந்திரம் சொல்வார். மன்னார் வளைகுடாவில் இருக்கிற சுறா அத்தனையும் வாயை மூடிக்கொள்ளும். பதவியின் பெயர் கடல்கட்டி. இன்றைக்கு இருந்திருந்தால் விசிட்டிங் கார்டில் ‘சீஃப் ஷார்க் மேனேஜ்மென்ட் ஆஃபீசர்’ என்று அடித்திருப்பார்.

வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு இந்த மந்திரத்தில் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. ஆனால் கடல்கட்டி வராமல் ஒரு பரவரும் குதிக்க மாட்டார், ஒரு கீழக்கரை மரைக்காயரும் குதிக்க மாட்டார். குதிக்காவிட்டால் சிப்பி இல்லை. சிப்பி இல்லாவிட்டால் கஜானாவுக்கு வருமானம் இல்லை. வருமானம் என்றதும் துரைமார்களுக்கும் மந்திரத்தில் பக்தி வந்துவிட்டது.

எமர்சன் டென்னன்ட் என்று ஒரு துரை. சிலோனில் காலனிச் செயலாளராக இருந்தவர். வளைகுடாவுக்கு அந்தக் கரையில் உள்ள அரிப்புக்கு முத்துக்குளிப்பைப் பார்க்கப் போனார். அதே கடல், அதே சுறா, குளிக்கிறவர்களிலும் பாதிப் பேர் நம்ம ஆட்கள். அங்கே போய், எங்கேப்பா அந்த மந்திரக்காரர் என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். ஆளைக் காணோம். விசாரித்தால், அவருக்கு உடம்பு சரியில்லையாம்!

அப்படியானால் அன்றைக்குக் கடலில் இறங்கியவர்கள் கதி? கவலையே வேண்டாம், பதிலுக்கு ஓர் ஆள் வந்திருந்தார். அவரிடம் டென்னன்ட் துருவித் துருவிக் கேட்க, மனிதர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: அந்த ரகசிய மந்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் பெரியவர் சார்பில் நான் வந்திருக்கிறேன் என்பது சுறாக்களுக்குத் தெரியும், அந்த மரியாதையைக் கொடுத்துவிடும்.

1861இல் வந்த தன் புத்தகத்தில் டென்னன்ட் இதை எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் அப்போது கத்தோலிக்கர், அதனால் மந்திரத்தின் பவர் ஒன்றும் குறையவில்லை என்பதையும் சேர்த்து. துரை இதையெல்லாம் ஏதோ வேடிக்கை என்று நினைத்து எழுதினார். தமிழ்நாட்டு அரசியலுக்குப் பாடப்புத்தகம் எழுதுகிறோம் என்று பாவம், அவருக்குத் தெரியாது.

வாருங்கள், 1984க்கு.

அக்டோபர் 5ஆம் தேதி ராத்திரி முதலமைச்சர் எம்.ஜி.ஆரை சென்னை அப்போலோவில் சேர்த்தார்கள். சிறுநீரகம் பழுது. சில நாட்களில் பக்கவாதம் வேறு. அதுவரை தமிழர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உடம்புக்குள் கிட்னி என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரே வாரத்தில் தூத்துக்குடி ஹார்பர் வாசலில் இருந்த டீக்கடை பெஞ்சு மெடிக்கல் காலேஜ் ஆகிவிட்டது.

“கிட்னி ரெண்டு உண்டும்லா வே. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பாத்துக்கிடும்” என்பார் கடைக்கார அண்ணாச்சி. கல்லாவுக்கு மேலே நாடோடி மன்னன் படத்தை மாட்டி, தினமும் ஊதுபத்தி கொளுத்துகிறவர்.

“அப்ப ஒங்க கட்சியில ரெண்டாவது ஆள் யாரு, அதச் சொல்லும்” என்பார் என் பெரியப்பா. ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலில் ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற மூட்டையையும் எண்ணி எண்ணி, உலகத்தில் எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பாத மனுஷர். கறுப்பு சிவப்புக் கரை போட்ட வேட்டி.

பெரியப்பாவின் கட்சி தெளிவானது: ஆள் போய்ச் சேர்ந்தாச்சு, மறைக்கிறார்கள். எம்.ஜி.ஆர் போய்விட்டார் என்று நம்பிய தி.மு.க.காரர்கள் தமிழ்நாடு முழுக்க அப்போது உண்டு. அ.தி.மு.க.விலும் உண்டு; அவர்கள் சத்தமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதில் பெரியப்பாவும் அண்ணாச்சியும் அரைக் கிலோ மக்ரூன் பந்தயம் கட்டினார்கள். பந்தயம் கட்டும்போதும் ஒருவரையொருவர் அண்ணாச்சி என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் எதிரிக்கும் மரியாதை உண்டு.

சர்க்கார் தரப்பில் சுகாதார அமைச்சர் ஹண்டே தினமும் நிலவரம் சொல்வார். அவரே டாக்டர். நல்ல மனிதர். முதல்வர் தேறி வருகிறார் என்று சொன்னார். மறுநாளும் தேறி வருகிறார். அதற்கு மறுநாளும். இப்படி ஒரு மனிதர் விடாமல் தேறிக்கொண்டே போனால் அடுத்த ஒலிம்பிக்ஸுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று பெரியப்பா கணக்குப் போட்டார்.

இந்தக் குழப்பத்துக்கு எம்.ஜி.ஆரும் ஒரு காரணம். 1917இல் பிறந்தவர், ‘உலகம் சுற்றும் வாலிபன்’ என்று படம் விட்டது 1973இல். கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவர்கூடச் சொல்லிவிடலாம், வாலிபனுக்கு வயது 56. வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ரோஸ் நிறம். தங்கபஸ்பம் சாப்பிடுகிறார், அதான் அந்த மினுமினுப்பு என்பது தெருவுக்குத் தெரு ஆராய்ச்சி முடிவு. திரையில் அவர் செத்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாற்பது வருஷமாகத் தனக்கு மூப்பே கிடையாது என்று ஊரை நம்பவைத்தவர், திடீரென்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஒன்று, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார்கள். இல்லை, முடிந்தது கதை என்பார்கள். சாதாரணமாக அறுபத்தேழு வயதுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

படுக்கையும் தேர்தலும் அவருக்குப் புதிதும் இல்லை. 1967 ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்டதில் குண்டு கழுத்தில் போய்த் தங்கிவிட்டது. அடுத்த மாதம் தேர்தல். வேட்பாளர் பரங்கிமலைத் தொகுதிப் பக்கமே போகவில்லை. கழுத்தில் கட்டுப்போட்ட ஒரு போட்டோ போனது, ஊர் ஊராக, சுவர் சுவராக. இருபத்தேழாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அதே தேர்தலில் விருதுநகரில் காமராஜர். அவருக்கும் விபத்தில் அடிபட்டுப் படுக்கை. படுத்துக்கிட்டே ஜெயிப்பேன் என்று சொன்னதாக இன்றைக்கும் பேசுவார்கள். சீனிவாசன் என்கிற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அணை கட்டியவர், பள்ளிக்கூடம் திறந்தவர், பகலுணவு போட்டவர், பிரதமர்களை உட்காரவைத்தவர். ஒரு விஷயம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை: படுத்துக்கொண்டு ஜெயிப்பதற்கும் நடிப்பு வேண்டும், முக்கியமாக நல்ல போட்டோகிராபர் வேண்டும்.

அப்படியானால் நடந்து காட்டினால்? அதையும் ஒருவர் செய்து பார்த்தார். 1982 பிப்ரவரியில் கருணாநிதி, திருச்செந்தூர்க் கோயில் அதிகாரி ஒருவரின் மரணத்துக்கு நீதி கேட்டு, மதுரையிலிருந்து திருச்செந்தூர் வரை நடந்தே வந்தார். ஐம்பத்தேழு வயதில் சுமார் இருநூறு கிலோமீட்டர். காலெல்லாம் கொப்புளம். ஃபிட்னெஸ் சர்ட்டிபிகேட் என்று பார்த்தால் இதைவிட ஒரிஜினல் எங்கே கிடைக்கும்? ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்து வந்த தேர்தலில் நடந்தவரின் கட்சி தோற்றது, படுத்திருந்தவர் ஜெயித்தார்.

நம்மூரில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். 1893இல் அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாண்டுக்கு வாயில் கட்டி. ஒரு நண்பருடைய உல்லாசப் படகில் டாக்டர்களை ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய், மேல் தாடையில் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார்கள். கேட்டவர்களுக்குச் சொன்னது, பல்வலி. ஒரு பத்திரிகைக்காரர் உண்மையைக் கண்டுபிடித்து எழுதினார். அவரைப் பொய்யன் என்றார்கள். அவர் சொன்னதுதான் நிஜம் என்று ஆபரேஷனில் இருந்த டாக்டர் ஒருவர் எழுதியது 1917இல். பல்வலி தீர இருபத்து நாலு வருஷம்!

மீண்டும் அப்போலோ. அக்டோபர் நடுவில் இந்திரா காந்தி வந்து பார்த்துவிட்டுப் போனார். 31ஆம் தேதி, பார்க்க வந்தவர் சுடப்பட்டு இறந்தார். படுத்திருந்தவர் பிழைத்துக் கிடந்தார். டீக்கடை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பேசாமல் இருந்தது. மறுநாள் ஷட்டரே திறக்கவில்லை.

நவம்பர் 5ஆம் தேதி எம்.ஜி.ஆரை விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல்! எழுபத்து மூன்று வயது ரீகனைத் தாத்தா என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரோ டிவி விவாதத்தில், எதிராளியின் இளமையையும் அனுபவக் குறைவையும் நான் அரசியலாக்க மாட்டேன் என்று ஒரு போடு போட்டார். எதிராளி மாண்டேல் சிரித்துவிட்டார். ரீகனும் சினிமாக்காரர் என்பதை நினைவில் வையுங்கள். வசனம் பேசி ஜெயித்தார். நம்மவர் வசனமே பேசாமல் ஜெயிக்கப் போகிறவர்.

சட்டமன்றத்துக்கு இன்னும் ஆறேழு மாத ஆயுள் இருந்தது. முதலமைச்சர் புரூக்ளின் ஆஸ்பத்திரியில். சாதாரண அறிவு உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? அவர் வரட்டும் என்று காத்திருப்பார்கள். நம்மவர்கள் சபையைக் கலைத்துத் தேர்தலை வைத்துவிட்டார்கள். வேட்பாளர் பூமிக்கு அந்தப் பக்கம், தொகுதி ஆண்டிபட்டி. மனுவில் படுக்கையில் இருந்தே கையெழுத்து.

இங்கேதான் முத்துக்குளிப்பில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்லைக் காலில் கோத்துக்கொண்டு ஒருவர் கடலடிக்குப் போனால், மேலே கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் உடனே இழுக்க வேண்டும். தாமதித்தால் தீர்ந்தது. இந்த வேலைக்கு எங்கள் கரையில் மச்சானைத்தான் வைப்பார்கள் என்பது வழிவழியாக வந்த பேச்சு. அண்ணன் தம்பி ஏன் கூடாது? அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு உண்டு. மச்சானுக்கோ, கயிறு நழுவினால் தாலி அறுப்பது சொந்த அக்கா தங்கச்சி. பாசத்தை நம்பாமல் கணக்கை நம்பிய ஏற்பாடு. பெரியப்பாவுக்கு ரொம்பப் பிடித்த தியரி.

அரசியலில் மச்சானுக்கு எங்கே போவது? இங்கே கயிற்றைப் பிடித்தவர்கள் பலர். கோட்டையில் நெடுஞ்செழியன், கட்சியில் ஆர்.எம்.வீரப்பன், மைக்கில் ஹண்டே, பிரச்சாரத்தில் ஜெயலலிதா. ஒவ்வொருவரும் மற்றவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கயிற்றை அல்ல. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே எண்ணம்: மந்திரம் நமக்குத் தெரியாது, பெரியவர் சார்பில் வந்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லிவைப்போம், சுறா வாயைத் திறக்காது.

எதிர்த்தரப்பில் கருணாநிதியின் பாடுதான் பெரும் பாடு. நோயாளியைத் திட்டினால் தாய்மார்கள் விளக்குமாற்றை எடுப்பார்கள். திட்டாவிட்டால் தேர்தல் எதற்கு? ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். என்னை ஜெயிக்கவையுங்கள், நண்பர் நலமாகத் திரும்பி வந்ததும் ஆட்சியை அவரிடமே ஒப்படைத்துவிடுகிறேன் என்றார். இந்தியத் தேர்தல் வரலாற்றிலேயே முதலமைச்சர் நாற்காலியை வாடகை சைக்கிள் மாதிரி கேட்டவர் இவர் ஒருவர்தான். டீக்கடை அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டு, “அப்ப ஒங்க தலைவரே சொல்லிட்டாருல்லா, ஆள் உசிரோட இருக்காருன்னு. மக்ரூனை எடும் வே” என்றார். பெரியப்பாவுக்குத் தன் கட்சித் தலைவர்மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது.

அப்புறம் வந்ததுதான் கேசட்.

ஆஸ்பத்திரியில் எம்.ஜி.ஆர் எப்படி இருக்கிறார் என்று வீடியோ எடுத்து, தியேட்டர் தியேட்டராக, ஊர் ஊராகப் போட்டார்கள். எங்கள் ஊரில் திரேஸ்புரத்தில், வாடகை டிவி, வாடகை டெக்கு, ஒரு ஜெனரேட்டர். வலை காயப்போட்டிருந்த மணலில்தான் கூட்டம். கருவாட்டு வாசம். முன்வரிசை முழுக்கப் பெண்கள். பெரியப்பாவும் போயிருந்தார். தன் கண்ணால் எண்ணிப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவர் ஆயிற்றே. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜெனரேட்டர் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. படத்தில் எம்.ஜி.ஆர் சிரித்தார். சாப்பிட்டார். பேப்பர் பார்த்தார். அவ்வளவுதான் கதை. ஆனால் வாள் சண்டைக்குக்கூட அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. “சாப்பிடுதாரு பாரு… மென்னு முழுங்குதாரு பாரு…” என்று ஒரு கிழவி, பேரனுக்கு ஊட்டுகிற மாதிரி தன் வாயையும் சேர்த்து அசைத்துக்கொண்டிருந்தாள்.

பேப்பர் வந்த இடத்தில் பெரியப்பா என் கையை உதறினார். கூட்டத்தைத் தாண்டிக்கொண்டு நேராக டிவி முன்னால் போய், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். தேதி! அந்தப் பேப்பரில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டால் பந்தயம் முடிந்தது. டாலி கிளார்க் மூளை. ஆனால் நாலு பேர் ஒரே சமயத்தில் “ஏ, மறைக்காத வே!” என்று கத்தினார்கள். பின்னாலிருந்து ஒரு கை வேட்டியைப் பிடித்து இழுத்தது. அவர் மணலில் உட்கார்ந்து நிமிர்ந்தபோது எம்.ஜி.ஆர் பேப்பரை மடித்துவிட்டார்.

எங்கள் ஊரில் முத்துச்சிப்பி ஏலம் எப்படி நடந்தது தெரியுமா? குளித்து எடுத்த சிப்பியைக் கரையில் குவிப்பார்கள். ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம். ஒன்றையும் திறந்து காட்ட மாட்டார்கள். உள்ளே ஆணிமுத்தும் இருக்கலாம், வெறும் சதையும் இருக்கலாம். வெளியூரிலிருந்து வந்த கெட்டிக்கார வியாபாரிகள் மூடின சிப்பியைக் கையில் வைத்து உருட்டி, மோந்து, முகத்தைச் சுளித்து, கடைசியில் மனசுக்குப் பட்ட விலையைக் கேட்டுவிட்டுப் போவார்கள். சில பேர் பணக்காரர்களாகத் திரும்பினார்கள், சில பேர் நாற்றத்தோடு திரும்பினார்கள். 1961ஓடு அந்தக் குளிப்பு நின்றுபோனது. மூடின சிப்பியை ஏலம் எடுக்கிற பழக்கம் மட்டும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தொடர்கிறது.

டிசம்பர் 19ஆம் தேதி புரூக்ளினில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தவர் அண்ணன் சக்ரபாணியின் மகள் லீலாவதி. ஐந்தே நாளில், 24ஆம் தேதி, இங்கே ஓட்டுப்பதிவு. எங்கள் கடற்கரைக்கு அது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். காலையில் இரட்டை இலை, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பாலன் பிறப்புப் பூசை என்று ஒரே நாளில் இரண்டு அற்புதங்களையும் நம்பிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

அ.தி.மு.க.வுக்கு 132. தி.மு.க.வுக்கு 24. ஆண்டிபட்டியில் ஒரு கைகூப்பல்கூட இல்லாமல் முப்பத்திரண்டாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசம். தொகுதிக்கே வராத எம்.எல்.ஏ.க்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ஆனால் ஜெயித்த பிறகு வராதவர்கள்தான் அவர்கள். ஜெயிப்பதற்கு முன்பே வராதவர் இவர்.

1985 பிப்ரவரி 4ஆம் தேதி அவர் திரும்பி வந்தார். பரங்கிமலை மைதானத்தில் ஜனக்கடல். அதே தொப்பி, அதே கண்ணாடி. யாரும் தாங்கிப் பிடிக்காமல் மேடையில் நடந்தார். பேச்சு மட்டும் சரியாக வரவில்லை. பத்தாம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்றார். மறுநாள் தினத்தந்தியை டீக்கடை அண்ணாச்சி நாலு பக்கமும் விரித்துப் பெரியப்பாவின் முன்னால் வைத்தார். இந்த முறை தேதியும் தெளிவாகவே இருந்தது.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டார். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: “டூப்பு.”

“என்னது?”

“டூப்பு வே. சினிமாக்காரனுக்கு டூப்பு கிடைக்காதா?”

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. தலைவர் உயிரோடு இல்லை என்றபோதுகூட இவ்வளவு கோபம் வரவில்லை. தலைவர் சண்டைக் காட்சியில் டூப்பு போட்டதாகச் சொல்கிறாயா என்பதுதான் அவருக்கு விழுந்த அடி. மூன்று நாள் பெரியப்பாவுக்கு அந்தக் கடையில் டீ கிடையாது. மக்ரூனும் வந்தபாடில்லை.

பிற்பாடு 2016 செப்டம்பர் 22ஆம் தேதி, அதே அப்போலோ, இன்னொரு முதலமைச்சர். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்று முதல் செய்தி. பிறகு இட்லி. அம்மா இட்லி சாப்பிட்டார் என்ற செய்தி தமிழ்நாட்டை எழுபத்தைந்து நாள் காப்பாற்றியது. அடுத்த வருஷம் திண்டுக்கல் சீனிவாசன் மதுரைக் கூட்டத்தில், அந்த இட்லி பொய், மன்னித்துவிடுங்கள் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். மந்திரம் எனக்குத் தெரியாது என்று டென்னன்டிடம் ஒப்புக்கொண்ட அந்தப் பதில் ஆளுக்குப் பிறகு, இவ்வளவு நேர்மையான ஒரு கடல்கட்டியை நான் பார்க்கவில்லை. ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு முந்தின நாள் ஒரு வீடியோ வந்தது. ஜெயலலிதா படுக்கையில் ஜூஸ் குடிக்கிறார். 1984இல் ஜெனரேட்டர் தேவைப்பட்டது, 2017இல் வாட்ஸ்அப் போதுமானதாக இருந்தது.

அந்தச் சமயம் பெரியப்பா இல்லை. இருந்திருந்தால் போனை நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஜூஸ் டம்ளரின் எக்ஸ்பயரி தேதியைத் தேடியிருப்பார்.

எம்.ஜி.ஆர் காலமானது 1987 டிசம்பர் 24. ஓட்டுப்பதிவு நடந்து சரியாக மூன்று வருஷம். அன்றைக்கு ஊரே அடைத்துக் கிடந்தது. நாலைந்து நாள் கழித்துத்தான் டீக்கடை பாதி ஷட்டர் திறந்தது. நாடோடி மன்னன் படத்துக்கு மாலை. அண்ணாச்சி மொட்டை அடித்திருந்தார். பெரியப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே போனார். கையில் பேக்கரி அட்டைப்பெட்டி, நூல் கட்டினது. பெஞ்சில் வைத்தார்.

“என்ன அண்ணாச்சி இது?”

“அரைக் கிலோ இருக்கு. எடை போட்டு வாங்கினது.”

அண்ணாச்சி பெட்டியைப் பார்த்தார். “அப்ப அன்னைக்கு வந்தது டூப்பு இல்லையாக்கும்?”

“டூப்பு செத்தா இம்புட்டு ஜனம் அழுமா வே” என்றார் பெரியப்பா. “டீயப் போடும்.”

அண்ணாச்சி மக்ரூனைத் தொடவில்லை, துக்கம். பெரியப்பாவும் தொடவில்லை, சுகர். பெட்டி முழுவதும் எனக்குத்தான் வந்தது.